இல்லாத பதினான்காம் அலமாரி

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், என் காவலாளிச் சீருடையும் நலம். நீயும் அத்தானும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முதல் நாளே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பது இப்போது முக்கியமில்லை. உன் மகளை எங்கள் நூலகத்தில் தற்காலிகமாக வேலைக்கு வைத்ததே மின்னூல்களைக் கவனிக்கத்தான். அறுநூறு வாங்கிப் போட்டிருந்தார்கள், தேடும் கணினியில் ஒன்றின் பெயர்கூட வராது. கல்யாணப் பத்திரிகை அடித்துப் பீரோவில் பூட்டி வைத்த கதைதான். வருட முடிவுக்குள் யாரும் படிக்காவிட்டால் அந்த நூல்களும் வேண்டாம், அவளும் வேண்டாம் என்று தலைமை நூலகர் சொல்லிவிட்டார். பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு நூலாகப் பட்டியலுக்கு எழுதினாள். பதிந்துவிட்டால் போதும், பெயரைத் தேடினால் வரும், தொட்டால் திறக்கும். ஆனால் அந்தக் கணினிக்கு ஒரு பிடிவாதம், அலமாரி எண் இல்லாமல் எதையும் பதிய விடாது. காற்றில் இருக்கிற புத்தகத்துக்கு அலமாரி ஏது? அந்தக் கணினியைக் கொடுத்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டுவிட்டு அவள் காத்திருக்க, இங்கே தட்டச்சர் என்று ஒரு அவசரக்குடுக்கை, அவள் சாப்பிடப் போன நேரத்தில் அறுநூறுக்கும் சேர்த்து 'அலமாரி 14' என்று போட்டுவிட்டது. எங்களிடம் இருப்பதோ பதின்மூன்றுதான்.

மறுநாள் முதல் வாசலில் நிற்கிற என்னிடம் ஒரே கேள்வி, பதினாலு எங்கே. ஒரு பல் டாக்டர் துடைப்ப அறைக்குள் புகுந்து தேடிவிட்டு, காலில் வாளியோடு வெளியே வந்தார். நான் சும்மா இருப்பேனா? பதின்மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் சும்மா கிடந்த கணினி, அட்டையில் பெரிதாக 14. அவ்வளவுதான், வந்தவனெல்லாம் தொட்டான், திறந்தான், நின்றபடியே படித்தான். உன் மகள் தலையில் கை வைத்தாள். "மாமா, இது தப்பு. ஆனா திருத்தினா கூட்டம் கலைஞ்சிடுமே"ன்னா. ஒரே மாதத்தில் நாற்பதாயிரம் பேர். சரி, நானூறு பேர்.

தலைமை நூலகர் வந்து, "யார் பார்த்த வேலை இது?" என்றார். குரல் கேட்டதும் அந்தத் தட்டச்சர் அலமாரிக்குப் பின்னால் பதுங்கிவிட்டார், அவரும் ஒரு மனுஷனா. உன் மகள் முன்னே வந்து, "நான்தான் சார்"னு சொன்னா. வேலை போச்சுன்னு நினைச்சுத்தான் சொன்னா, முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது. அவர் படித்தவர்களின் கணக்கைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், "இதை எடுத்துட்டு நாலு நாற்காலி போடும்மா"ன்னார். நேற்று அவளுக்கு நிரந்தர வேலை உத்தரவு வந்துவிட்டது.

அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், என் புத்திசாலித்தனத்தை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
எல்லாம் முன்கூட்டியே அறிந்த உன் தம்பி

பி.கு.: தட்டச்சர் என்று இங்கே யாரும் கிடையாது. அலமாரி எண் கேட்கும் அந்தக் காலிக் கட்டம் சிவப்பாகவே இருந்தது, எனக்கு மனசு கேட்கவில்லை. 'எல்லாவற்றுக்கும் இதையே போடவா?' என்று கணினி மரியாதையாகக் கேட்டது, போடு என்றேன். அலமாரிக்குப் பின்னால் நின்றதும் நான்தான். அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தாள். நீயும் கேட்காதே.