சேவு மடித்த தாள்

"சேவு நல்லா இருந்துச்சாம். மடிச்சிருந்த பேப்பரைத்தான் அவுகளால செரிக்க முடியலையாம்" என்றார் தரகர் சங்கரபாண்டியன்.

சங்கையாவுக்கு விளங்கவில்லை. அவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிக்குழாய் சுற்ற எடைக்கு வாங்கும் பழைய செய்தித்தாள் கட்டுகளில் கிழிசலாகக் கிடப்பதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். மகள் மாரிசெல்வியைப் பார்க்க, மாப்பிள்ளையின் அப்பா நீங்கலாக, ஆமத்தூரிலிருந்து வந்தவர்கள் கிளம்பும்போது, மனைவி பஞ்சம்மாள் அப்படி ஒரு தாளில்தான் இரண்டு கிலோ காராச்சேவை மடித்துக் கொடுத்திருந்தாள்.

சேவு தீர்ந்ததும் எண்ணெய்க்கறைக்கு நடுவே எழுத்து தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடி விழுந்து பட்டாசு ஆலையில் காலி அறை எரிந்தது, யாருக்கும் காயமில்லை என்று செய்தி. கடைசி வரிகள் இப்படி: 'போர்மேன் சங்கையா தலைமறைவு. அவருக்கு முன்னால் ஓடிய மற்றொருவரையும் போலீசார் தேடி வருகின்றனர்.'

"வேணும்னேதான் இந்தத் தாள்ல மடிச்சு அனுப்புனீகளான்னு மாப்பிள்ளையோட அப்பா சின்னச்சாமி கேக்காரு. ரெண்டு நாளாச் சோறு இறங்கலையாம். வெள்ளிக்கிழமை நிச்சயம் வேண்டாங்காரு."

"நான் எங்கனப்பா தலைமறைவானேன்? மாமியா வீட்லல்ல இருந்தேன்."

பொய்யில்லை. அன்றைக்கு மழைக்கு ஆலையை ஒரு பார்வை பார்த்து வரப் போனார். இடி விழுந்தது. தாழ்வாரத்திலிருந்து யாரோ ஒருவன் ஓடினான். அந்தப் பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்த்தால் எதற்கென்று கேட்பதில்லை. கூடவே ஓடுவது, உயிரோடு இருந்தால் அப்புறம் கேட்டுக்கொள்வது. சங்கையாவும் ஓடினார். ஆலையில் எது எரிந்தாலும் முதலில் போர்மேனைத்தான் பிடிப்பார்கள் என்பதால் மாமியார் வீட்டில் மூன்று நாள் இருந்தார். கோழிக்குழம்பு.

இதை அப்படியே சொல்லச் சொல்லித் தரகரை அனுப்பினார். ஆலை எரியும்போது கோழி தின்ற மனுஷனா என்று பதில் வந்தது.

மறுநாள், அந்த விவகாரம் அப்போதே முடிந்துபோனது என்று சொல்வதற்குத் தெரிந்த ஏட்டையாவை ஆமத்தூருக்கு அனுப்பினார். ஏட்டையா வேலைக்குப் போகிற வழியில் காக்கிச்சட்டையோடு போய் நின்றார். சின்னச்சாமி பின்வாசல் வழியாகப் பருத்திக்காட்டுக்குப் போனவர், விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினாராம்.

"அம்புட்டுக் கோவமா?" என்றார் சங்கையா.

"மொகத்துலயே முழிக்க மாட்டேங்காரு" என்றார் தரகர்.

மாரிசெல்வி நிச்சயத்துக்கு எடுத்த சேலையை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். அதைப் பார்த்ததும் சங்கையா கம்பெனிக்குப் போய்ப் பேப்பர் கட்டுகளைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தார். தலைமறைவு என்ற சொல் வந்த இடத்தையெல்லாம் கிழித்தெடுத்தார். வியாழக்கிழமை காலையில் அந்தக் கட்டோடு ஆமத்தூரில் இறங்கினார்.

சின்னச்சாமி சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ராமுத்தாய், வந்தவரைக் கேட்கவேண்டிய முறைக்குச் சாப்பிட்டீகளா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சங்கையா ஒவ்வொன்றாக வாசித்தார். காதலர்கள் தலைமறைவு, அவர்கள் திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். தேடப்படும் பிரமுகர் தலைமறைவு. அதே பக்கத்தில் அவர் தண்ணீர்த் தொட்டி திறந்துவைக்கும் படம். சிறுத்தை தலைமறைவு. கோயில் காளை தலைமறைவு.

"பாத்தீகளா சம்பந்தி? ஒண்ணுக்கு ஓடிட்டான்னு அர்த்தம், ஒண்ணுக்குக் கல்யாணம்னு அர்த்தம். எனக்கு, மாமியா வீட்ல போய்ப் பாக்க ஆளில்லைன்னு அர்த்தம்."

சின்னச்சாமி சிரிக்கவில்லை. நெற்றி வேர்த்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, "அந்த மற்றொருவன்... அவன் பேரு எதுலயாச்சும் வந்திருக்கா?" என்றார்.

தொலைந்தது, அவனைத் தன் கூட்டாளி என்று சந்தேகப்படுகிறார் என்று நினைத்தார் சங்கையா.

"சத்தியமா அவன் யாருன்னு எனக்குத் தெரியாது சம்பந்தி. முதுகை மட்டுந்தான் பாத்தேன். தலையில பச்சைத் துண்டு. அவன் ஓடுனான், அவன் பின்னாலயே நானும் கம்மாக்கரை வரைக்கும் ஓடுனேன்."

சின்னச்சாமி மெல்ல நிமிர்ந்தார். இத்தனை நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை மொத்தமாக விட்டார்.

காப்பியோடு வந்த ராமுத்தாய் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அடப்பாவமே, மழைக்கு அங்கன ஒதுங்குன இந்த மனுசன், போலீசு விரட்டுச்சுன்னு சொல்லி இன்னைக்கு வரைக்கும் ஏழாயிரம்பண்ணை பஸ்ஸுல ஏற மாட்டேங்காரு, விரட்டுனது நீங்கதானாண்ணே?"