சம்மந்திக்குக் காட்டிய அருவி

இதில் ஒரு சொல் பொய் என்றால், மிச்சமிருக்கிற என் நாலு பல்லும் இன்றைக்கே விழட்டும். புதுச்சேரி முத்தியால்பேட்டை நடுத்தெருவில் நின்று கத்திச் சொல்கிறேன், அத்தனையும் உண்மை.

அன்றைக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். சம்மந்தியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்ட வேண்டும்.

சம்மந்தி தென்காசிக்காரர். அவர் மகனுக்கு என் பெண்ணைக் கொடுத்து ஆறு வருஷம். ஆறு வருஷமும் அவர் வாயில் குற்றாலம்தான். காபி கொடுத்தால், "எங்க குத்தாலத் தண்ணியில போட்டா ருசியே வேற, பாத்துக்கிடுங்க." கடற்கரைக்குக் கூட்டிப்போனால், "உப்புத்தண்ணி. குளிக்கவா முடியும்?" கடலையே மட்டம் தட்டுகிற ஆள்.

முந்தின நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஊர்லயும் அருவி இருக்குது சம்மந்தி. பக்கத்துலயே ராஜா காலத்து இடிபாடு. பிரெஞ்சுக்காரனே பாத்துட்டுத் தொப்பியக் கழட்டினான்."

அருவி என்பது, பூங்காவில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சிமெண்டில் கட்டி, மோட்டார் வைத்துத் தண்ணீர் விடுகிற சமாச்சாரம். இடிபாடு என்பது எங்கிருந்தோ கொண்டுவந்து நட்ட நாலு உடைந்த கல்தூண். தூண் மட்டும் நிஜம்.

ஆனால் சம்மந்தி வாய் மூடினார். ஒரு நாளாவது அது மூடியே இருந்தால் போதும் எனக்கு.

காலையில் பூங்காவுக்குள் போனதும் சட்டையையும் வேட்டியையும் உருவினார். உள்ளே துண்டு. உடம்பெல்லாம் நல்லெண்ணெய். கையில் சீயக்காய்ப் பொட்டலம். ஆட்டோவில் அவர் சட்டை ஒட்டியிருந்ததை வேர்வை என்று நினைத்த மடையன் நான்.

"என்ன சம்மந்தி இது?"

"அருவின்னா குளிக்க வேண்டாமா?"

அது பார்க்க மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சாகும்வரை குற்றாலம் கேட்க வேண்டும்.

அருவியோ காய்ந்து கிடந்தது. "எங்க குத்தாலத்துல..." என்று ஆரம்பித்தார். வாட்ச்மேனிடம் ஓடினேன்.

"மோட்டார் சாயங்காலந்தான், பெருசு."

"மெதுவா பேசு. அதோ நிக்கிறாரே, அருவி எஞ்சினீயர். உன் தண்ணி வேகத்த உடம்பால அளந்து மேலெடத்துக்கு எழுதப்போறாரு."

"எண்ணெ எதுக்கு?"

"மிஷினுக்கு எண்ணெ போட மாட்டியா நீ?"

ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினான், புத்திசாலி.

முதலில் வந்தது தண்ணீர் இல்லை. பாசி, இரண்டு பால் கவர், ஒரு தவளை. சம்மந்தி கண்ணை மூடி நின்று, "மூலிகை வாசம்லா அடிக்கு" என்றார். ஆறு வருஷத்தில் புதுச்சேரிக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

தலையில் சீயக்காயை அப்பினார். கரண்ட் போனது.

"என்ன சம்மந்தி, அருவி நின்னுட்டு?"

"எங்க அருவி அப்படித்தான். மூச்சு வாங்கி வாங்கித்தான் விழும்."

"கண்ணு எரியுது, கையப் பிடிங்க."

நான் போவதற்குள் கையை நீட்டிக்கொண்டு தடவித் தடவி நடந்தார். நேரே போய் ஒரு கல்தூணைக் கட்டிப்பிடித்தார். "விட்டுராதீங்க சம்மந்தி" என்றார் தூணிடம். வழுக்கினார், மறுபடி கட்டிக்கொண்டார். நெற்றி, மார்பு, வயிறு எல்லாம் எண்ணெயாகப் பதிந்தது.

கேமராவோடு நின்ற ஒரு வெள்ளைக்காரி, "பூஜா?" என்றாள்.

"வுய், மதாம்" என்று ஆமாம் போட்டேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அதையும் அங்கே செலவழித்தேன்.

அவரைப் பிரித்தெடுத்து, குடிதண்ணீர்க் குழாயில் கண்ணைக் கழுவி ஆட்டோவில் ஏற்றினேன். கட்டிப்பிடித்தது என்னைத்தான் என்று இன்றுவரை நம்புகிறார். "கல்லு மாதிரில்லா நின்னீங்க" என்று புகழ்ச்சி வேறு.

மறுவாரம் போனேன். தூணுக்கு மஞ்சள் துணி, எலுமிச்சம்பழ மாலை. வாட்ச்மேன் விபூதித் தட்டோடு நிற்கிறான்.

"தானா எண்ணெ கசியிற சாமி, பெருசு. செருப்பக் கழட்டு."

சேதி தென்காசிவரை போய்விட்டது. தை மாதம் சம்மந்தி குடும்பத்தோடு வந்தார். தூணின் முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்து, "எங்க குத்தாலத்துலகூட இப்படி ஒரு சாமி இல்ல" என்றார்.

ஜெயித்துவிட்டேன். அது அவர் தொப்பை எண்ணெய் என்பதை நீங்கள் யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். சொன்னது நான் என்று மட்டும் சொல்லாதீர்கள், சம்மந்தி மறுபடி குற்றாலத்தை ஆரம்பித்துவிடுவார்.