ஒரு தகரத்துக்கு ஓர் ஒட்டுச்சொல்

பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரையில் ஏன் தோற்கிறார்கள் என்பதை மாவட்டக் கல்வி அலுவலகம் ஒருவழியாகக் கண்டுபிடித்தது. நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருப்பது காரணம் அல்ல. எட்டுப் பேர் ஒரே புத்தகத்தைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு உட்காருவதும் காரணம் அல்ல. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. நாட்டின் எதிர்காலம் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்து காலை ஒடித்துக்கொள்கிறது. மலாவி ஏரிக்கரை விடுதியில் மூன்று நாள் தங்கி, வேளைக்கு ஒரு சம்போ மீனை வறுத்துத் தின்று, மண்டல இயக்குநர் தலைமையில் அதிகாரிகள் இந்த உண்மையை அடைந்தார்கள்.

உடனே சுற்றறிக்கை எண் பதினான்கு பிறந்தது. இனி எந்தக் கட்டுரையிலும் பன்னிரண்டு இணைப்புச் சொற்களுக்குக் குறையலாகாது. 'மேலும்', 'எனினும்', 'இதன் விளைவாக', 'மறுபுறம் நோக்குங்கால்' முதலிய முப்பத்தாறு சொற்கள் அங்கீகரிக்கப்பட்டன. 'முடிவாக' என்ற சொல் வராத கட்டுரையோ, கடிதமோ, மேடைப்பேச்சோ முடிந்ததாகக் கருதப்படமாட்டாது. முடியாத பேச்சின் நடுவே எவரும் எழுந்து செல்லலாகாது. பிள்ளைகளுக்கு மட்டும் விதி வைத்தால் முன்மாதிரி யார்? ஆகையால் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களுக்கும் அதே விதி. சொற்களை எண்ணுவதற்கென்றே இணைப்பு அலுவலர் என்றொரு பதவி, அதில் திரு. லிகோங்வே, அவருக்கு ஒரு மேசையும் ஒரு டஜன் சிவப்புப் பேனாவும். ஊர்மக்கள் இந்தச் சொற்களை ஒட்டுச்சொல் என்றார்கள். சைக்கிள் டியூபுக்குப் போடும் ஒட்டு மாதிரி ஏதோ உபயோகமான பொருள் என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

அதே வாரம் நம்செங்கா தொடக்கப்பள்ளியின் எட்டாம் வகுப்புக் கூரையைக் காற்று பிய்த்து ஏரியில் போட்டது. காற்றுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் வழக்கம் இல்லை.

தலைமையாசிரியை எல்லிடா சிசாலே நாள்காட்டியைப் பார்த்தாள். மே மாதம் எட்டாம் வகுப்புக்கு அரசுத் தேர்வு. கூரை இல்லாத பள்ளியில் தேர்வு நடத்த மாட்டார்கள். வேறு பள்ளிக்குப் போவதென்றால் இருபது கிலோமீட்டர், நடுவில் பாலம் இல்லாத ஆறு, ஆற்றில் முதலை. நாற்பத்தொரு பிள்ளைகளில் பத்துப் பேர் போனால் பெரிது. பெண் பிள்ளைகளை ஒருவரும் அனுப்பப் போவதில்லை. அடுத்த மழைக்குள் கல்யாணம் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். எல்லிடா பதினைந்து வயதில் அப்படியொரு கல்யாணத்திலிருந்து தப்பிப் படித்தவள்.

ஒரு கடிதம் எழுதினாள். 'எங்கள் கூரை பறந்துவிட்டது. பிள்ளைகள் மழையில் நனைகிறார்கள். நாற்பது தகரம் அனுப்புங்கள்.' லாரியில் சோள மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, தானே அதை எடுத்துக்கொண்டு போனாள். அலுவலகத்துப் பின்கட்டில் தகரங்கள் புத்தம்புதிதாக அடுக்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் லிகோங்வேயின் அறைக்குள் நுழைந்தாள்.

லிகோங்வே கடிதத்தைப் படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார்.

"அடிக்கோடு போட ஒரு இடம்கூட இல்லையே மேடம்."

"சார், கூரை போச்சு. பிள்ளைங்க நனையுது. தகரம் வேணும். இதுல உங்களுக்கு எது புரியலை?"

"எல்லாம் நல்லாப் புரியுது. அதுதான் சிக்கல். ஒட்டே இல்லாம புரியுது. இதை நான் ஏத்துக்கிட்டா நாளைக்கு எல்லாரும் இப்படியே புரியற மாதிரி எழுத ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் இந்த மேசைக்கு என்ன மரியாதை?"

"சரி, பன்னெண்டு சொல்லு போட்டு எழுதிட்டு வர்றேன்."

"பன்னெண்டு கட்டுரைக்கு மேடம். பொருள் கேட்டு எழுதினா, ஒரு பொருளுக்கு ஒரு ஒட்டு. நாப்பது தகரம்னா நாப்பது. ஒரு சொல்லை ரெண்டு தடவை போடக் கூடாது."

"பட்டியல்ல முப்பத்தாறுதானே சார் இருக்கு?"

லிகோங்வே பட்டியலை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அவர் நியாயமான மனிதர்.

"அப்போ முப்பத்தாறு தகரம் கேளுங்க."

"மீதி நாலு தகரத்து இடத்துல மழை வருமே?"

"அங்க கெட்டிக்காரப் பிள்ளைங்களை உக்கார வைங்க. எங்க உக்கார்ந்தாலும் அதுங்க படிச்சுக்கும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியைப் பார்க்கவே பூசாரிக்கு முப்பத்தாறு தேங்காய் உடைக்க வேண்டியிருந்தது.

இதற்குள் ஒட்டுச்சொல் ஊரெல்லாம் பரவி நாகரிகமாகிவிட்டது. பாதிரியார் பிரசங்கத்தில் சாத்தானிடமிருந்து கடவுளுக்கு 'மறுபுறம் நோக்குங்கால்' என்று தாவினார். உசிப்பா மீன் விற்கும் பெண்கள் படி அளக்கும்போது "எனினும்" என்றால் அது குறைத்து அளக்கப்போவதன் அறிகுறி. ஒரு சாவு வீட்டில் ஊர்த்தலைவர் 'முதலாவதாக' என்று தொடங்கியதும், இரண்டாவதாகச் செத்தது யார் என்று பெண்கள் கலவரப்பட்டார்கள்.

மாமரத்தடியில் நனைந்தபடி நடந்த எட்டாம் வகுப்பிலும் ஒட்டுதான் பாடம். ஃபைனஸ் என்ற பெண், தங்கள் சோளக்கொல்லையில் இறங்கிய நீர்யானையைத் தானும் அம்மாவும் சட்டி மூடியைத் தட்டி விரட்டியதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். படித்து முடித்தபோது எல்லிடாவுக்கு நீர்யானையின் மூச்சு பிடரியில் பட்டதுபோல் இருந்தது. ஒட்டுச்சொற்களை எண்ணினாள். இரண்டு. இருபதுக்கு இரண்டு போட்டாள். போடும்போது கை கூசியது. ஆனால் அரசுத் தேர்வில் திருத்துகிறவர்களும் அந்த ஏரிக்கரையில் மீன் தின்றவர்கள்தானே! ஃபைனஸ் கெட்டிக்காரி. அடுத்த வாரம் 'முதலாவதாக நீர்யானை. மேலும் நீர்யானை. எனினும் நீர்யானை. இதன் விளைவாக நீர்யானை' என்று இரண்டு பக்கம் எழுதி இருபதுக்கு இருபது வாங்கினாள்.

எல்லிடாவும் எட்டு நாள் உட்கார்ந்து முப்பத்தாறு சொற்களையும் ஒரு கடிதத்துக்குள் ஏற்றினாள். மினிபஸ்ஸில் ஆள் ஏற்றுவதுபோல் மடிமேல் மடியாக உட்கார வைத்தும் இடம் போதவில்லை. லிகோங்வே ஒவ்வொன்றாய் அடிக்கோடு போட்டுக்கொண்டே வந்தார். முப்பத்தாறாவதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிரமாதம் மேடம். ஆனா நடுநடுவுல கூரை, மழை, தகரம்னு ஏதேதோ வருதே, அது ஓட்டத்தைக் கெடுக்குது. அதை மட்டும் எடுத்துட்டீங்கன்னா இன்னைக்கே கையெழுத்து."

வெளியே லாரி கிளம்ப ஹாரன் அடித்தது. மேலே மேகம் கறுத்தது. எல்லிடாவுக்கு எப்படியாவது கையெழுத்து விழுந்தால் போதும் என்றிருந்தது. எடுத்துவிட்டாள். லிகோங்வே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது.

"அப்போ தகரத்தை எப்ப ஏத்திக்கலாம் சார்?"

"தகரமா? இதுல தகரம்னு ஒரு வார்த்தையே இல்லையே மேடம்!"

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கு ஓர் ஓலை வந்தது. எல்லிடாவின் கடிதம் மண்டலத்திலேயே தலைசிறந்த கடிதமாகத் தேர்வாகியிருக்கிறதாம். சுற்றறிக்கையைப் பெற்றெடுத்த மண்டல இயக்குநரே நேரில் வந்து பரிசு கொடுப்பாராம். மழைக்காலமாயிற்றே, விருந்தினர் நனையலாகாது என்று மேடைக்குக் கூரை போட மறுநாளே ஒரு லாரி வந்தது. கடிதம் இல்லை, ஒட்டு இல்லை, கையெழுத்து இல்லை. லாரியிலிருந்து இறக்கும்போதே எல்லிடா எண்ணினாள். சரியாக நாற்பது தகரம்.

பள்ளிக் குழுத் தலைவர் யோசஃபாத்திதான் ஊர்த் தச்சர். மேடைக்கூரை போட்டதும் அவர்தான். விழாவுக்கு முன் அவர் எல்லிடாவின் காதோரம் வந்தார்.

"டீச்சரம்மா, எல்லா ஆணியையும் பாதிதான் அடிச்சு வெச்சிருக்கேன்."

"அவங்க கிளம்பும்போது லாரியில ஏத்திட்டுப் போயிடுவாங்களே ஐயா."

"அவங்க கிளம்பினாத்தானே? நன்றி சொல்லப் போறது யாரு, நீங்கதானே?"

எல்லிடா அவரை உற்றுப் பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பரிசு கொடுத்தாயிற்று: ஒரு டஜன் சிவப்புப் பேனா. இயக்குநர் ஒரு மணி நேரம் பேசி 'முடிவாக' என்று முடித்தார். எல்லிடா நன்றி சொல்ல எழுந்தாள்.

"முதலாவதாக, இயக்குநர் ஐயாவுக்கு நன்றி. மேலும், நன்றி. அதுமட்டுமன்றி, நன்றி..."

இயக்குநர் பெற்ற பிள்ளை பேசுவதைக் கேட்பதுபோல் தலையாட்டினார். மேடைக்கூரையின் பின்வரிசையில் ஒரு தகரம் சத்தமில்லாமல் மறைந்தது. பெற்றோர்கள் எறும்புபோல வரிசை போட்டு அதை வகுப்பறைக்குக் கொண்டுபோனார்கள். பத்தாவது 'நன்றி' வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. முதலில் நனைந்தவர் லிகோங்வே.

"மேடம்," என்று அவர் கிசுகிசுத்தார், "முடிவாகன்னு சொல்லிடுங்க."

"இதைத் தொடர்ந்து," என்றாள் எல்லிடா மைக்கில், "திரு. லிகோங்வே அவர்களுக்கும் நன்றி. எனினும், அது போதாது."

இயக்குநரின் தலைக்கு மேல் இருந்த தகரமும் போனது. அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். எல்லிடா உடனே சுற்றறிக்கையை விரித்து, முடியாத பேச்சின் நடுவே எவரும் எழுந்து செல்லலாகாது என்ற பத்தியைப் படித்து, இப்படியொரு விதியைத் தந்த இயக்குநரின் தொலைநோக்குக்குத் தனியாக நன்றி சொன்னாள். செய்தித்தாள் நிருபர் குடைக்குள் குனிந்து குறித்துக்கொண்டார். இயக்குநர் உட்கார்ந்தார். கோட்டிலிருந்து சாயம் வடிந்து வெள்ளைச் சட்டை ஊதாவானது. தன் விதியைத் தானே மீறினால் பெயர் என்ன ஆவது? முப்பத்தாறு சொற்களும் மூன்று சுற்று வந்தன. வகுப்பறைப் பக்கம் கடைசி ஆணியை அடித்து யோசஃபாத்தி விசிலடித்த பிறகுதான் எல்லிடா, "முடிவாக, வணக்கம்," என்றாள்.

மறுவாரம் லிகோங்வே தும்மிக்கொண்டே வந்தார். தகரங்களைத் திருப்பித் தரும்படி ஒரு கடிதத்தை நீட்டினார். அவசரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார். எல்லிடா பரிசுப் பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

"அடிக்கோடு போட இடமே இல்லையே சார். நாப்பது தகரத்துக்கு நாப்பது ஒட்டு வேணாமா?"

"பட்டியல்ல முப்பத்தாறுதானே மேடம் இருக்கு!"

"ஐயோ, அப்படியா?" என்றாள் எல்லிடா.

பட்டியலில் நான்கு சொற்களைச் சேர்க்க ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு ஏரிக்கரை விடுதிக்குப் போயிருக்கிறது. இன்னும் திரும்பவில்லை. லிகோங்வேயின் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்த சுகம் எல்லிடாவுக்குக் கற்கண்டாய் இனித்தது. அன்றுமுதல் பேனா அவள் கைப்பையை விட்டு இறங்கவில்லை. லீவு கேட்ட ஆசிரியரின் சீட்டு ஒட்டு போதாமல் திரும்பிப் போனது. சமையல்காரியின் விறகுக் கணக்கும் திரும்பிப் போனது.

மே மாதம் நாற்பத்தொரு பிள்ளைகளும் கூரைக்கடியில் உட்கார்ந்து தேர்வு எழுதினார்கள். நாற்பத்தொரு பேரும் தேறினார்கள். ஆங்கிலக் கட்டுரையில் மாவட்டத்துக்கே முதல் மதிப்பெண் ஃபைனஸுக்கு. ஊரில் கோழிகள் அறுபட்டன. எல்லிடா சந்தோஷத்தில் அழுதாள். அழ வேண்டிய நாள்தான் அது.

இது கைப்பேசி வராத காலம். ஃபைனஸின் அப்பா ஜோகன்னஸ்பர்க்கில் வேலையாயிருந்தார். அவளுடைய அம்மாவுக்கு எழுதத் தெரியாது. மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த மகள் வீட்டில் இருக்கும்போது வேறு ஆளைத் தேடுவானேன்? சமையல்கட்டுச் சுவர் சாய்ந்துவிட்டது, பிள்ளைகள் மேல் விழுந்துவிடும் போலிருக்கிறது, மழைக்கு முன்னால் வந்து சேர் என்று எழுதச் சொன்னாள். அப்பாவோடு வேலை செய்பவர்கள் மெச்சும்படியாக ஃபைனஸ் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி பஸ் டிரைவரிடம் கொடுத்தாள். ஒரு மாதத்தில், அதே பஸ்ஸில், அதே கடிதம் திரும்பி வந்தது. அடியில் அப்பா தாய்மொழியான சிச்சேவாவில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'ரூமில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன், எல்லாரும் கை தட்டினார்கள்; ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும்?'

ஃபைனஸ் அம்மா கடிதத்தைத் தூக்கிக்கொண்டு எல்லிடாவிடம் ஓடிவந்தாள்.

"டீச்சர், நான் சொன்னதெல்லாம் இதுல இருக்குதான்னு கொஞ்சம் பாருங்க."

எல்லிடா கடிதத்தை வாங்கினாள். கை தானாகக் கைப்பைக்குள் போய்ப் பேனாவை எடுத்தது. முதல் பக்கம் முழுக்க அடிக்கோடு போட்டாள். இரண்டாம் பக்கத்தில் போகப்போக அவள் முகம் மலர்ந்தது.

"முப்பத்து நாலு! ரெண்டுதான் குறையுது. உன் பொண்ணு தங்கம், ஃபைனஸ் அம்மா."

"அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். சுவரு?"

"எந்தச் சுவரு?" என்றாள் எல்லிடா.