திண்மம், திரவம், தயிர்

தயிர் திண்மமா, திரவமா என்று கேட்டால் எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. நான் சாய்ந்தமருதில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட இது மேல்.

தோஹாவில் இருக்கும் என் தங்கை ரிஸ்னாவுக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில். பச்சைத் தண்ணீர் குடித்தாலும் சத்தி, எதுவும் வயிற்றில் தங்காது. ஆள் பாதியாகிவிட்டாள் என்று அவள் மாப்பிள்ளை போனில் அழாக்குறையாகச் சொன்னார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ராத்தா, வரிப்பத்தான்சேனைத் தயிர் ஒரு சட்டி. அது மட்டும் வயித்துல நிக்கும் எண்டு மனசு சொல்லுது."

பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் தோஹாவுக்கு டிக்கெட் போட்டு, வரிப்பத்தான்சேனைக்கே போய் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கினேன். தயிரில் விட்டுச் சாப்பிடக் கூடவே வாங்கிய இனிப்புப் பாணிப் போத்தலைப் பெட்டிக்குள் வைத்தேன், ஏனென்றால் பாணி திரவம். (படித்தவள் அல்லவா!) பெட்டிக்குள் போட்டால் மண்சட்டி உடைந்துவிடும் என்று தயிரைக் கையிலேயே எடுத்துக்கொண்டேன். கல்முனையிலிருந்து பஸ்ஸில் வழிநெடுக அது என் மடியில்தான். பக்கத்து சீட் மனுஷி அதைக் கைப்பிள்ளை என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்து இடம் தந்தார்.

விமான நிலையச் சோதனையில் ஓர் இளம்பெண் சட்டியின் வாயில் கட்டியிருந்த தாளை விலக்கிப் பார்த்தார்.

"அக்கா, இது கொண்டு போக ஏலாது. திரவம் நூறு மில்லிக்கு மேல விடமாட்டம்."

"இது திரவமில்ல புள்ள, தயிர்."

"தயிரும் திரவம்தான். சின்னச் சின்னப் போத்தல்ல ஊத்திக் கொண்டு வந்திருந்தா விட்டிருப்பம்."

"ஊத்த வந்தாத்தானே ஊத்துறது? ஊத்த ஏலாததுக்கு எப்பிடித் திரவம் எண்டு பேரு?"

அவர் குழம்பிப்போய் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி சட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜெல்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. திண்மம், திரவம், வாயு என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிய கை இது. இந்த ஜெல் எப்போது வந்து சேர்ந்தது?

எங்கள் பக்கத்தில் நல்ல தயிருக்கு ஒரு பரீட்சை உண்டு. சட்டியைக் கவிழ்த்தால் தயிர் விழக்கூடாது. பிஸ்மி சொல்லிக் கவிழ்த்தேன். அசையவில்லை. வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. "பாத்தீங்களா, திண்மம்" என்று வகுப்பில் காட்டுவதுபோல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். ராத்திரி முழுக்கக் குலுங்கி வந்த தயிர் எவ்வளவு நேரம்தான் என் மானத்தைக் காப்பாற்றும்? பொதக்கென்று விழுந்தது. தட்டில் கழற்றி வைத்திருந்த என் சப்பாத்துக்குள்ளேயே விழுந்தது.

"இப்பப் பிரச்சினையில்ல அக்கா, சட்டியக் கொண்டு போகலாம்" என்றார் அந்தப் பெண்.

ஒருவர் மண்டையைப் பிளக்கக்கூடிய சட்டிக்கு அனுமதி, வயிற்றைக் குளிரவைக்கும் தயிருக்குத் தடை. எங்களில் யாருக்குப் பைத்தியம் என்று எனக்கு விளங்கவில்லை. சட்டியின் அடியில் கொஞ்சம் தயிர் ஒட்டிக்கிடந்தது. மேலதிகாரி எட்டிப் பார்த்து, "அது நூறு மில்லி வராது" என்று பெரிய மனது பண்ணினார்.

தோஹாவில் ரிஸ்னா தாளைப் பிரித்துச் சட்டிக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. முகத்தைக் காட்ட வெட்கப்பட்டுச் சட்டியைக் கழுவப் போனேன்.

"கழுவாதீங்க ராத்தா."

கடைப் பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, அந்த ஒட்டுத் தயிரின் மேல் ஊற்றி மூடி வைத்தாள். காலையில் பார்த்தால் உறைந்திருந்தது. பாணி விட்டு ஒரு கரண்டி வாயில் வைத்தாள். நானும் அவள் மாப்பிள்ளையும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தி வரவில்லை. "இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி நான்தான் அழுதேன்.

பிறந்தவளுக்குப் பெயர் மர்யம். வீட்டில் எல்லோருக்கும் அவள் 'நூறு மில்லி'தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன கிழமை போன் எடுத்தாள்.

"பெரியம்மா, தயிர் திண்மமா திரவமா? டீச்சர் எழுதிட்டு வரச் சொன்னா."

"அது எங்க வச்சுக் கேக்குறாங்க எண்டதப் பொறுத்தது மகள்."

அப்படியே எழுதினாளாம். பிழை போட்டுவிட்டார்கள். அந்த டீச்சர் இன்னும் தயிரோடு விமானம் ஏறவில்லை போலிருக்கிறது.