மேளம் அடித்தது என் மருமகள்தான்

பெருமதிப்பிற்குரிய ‘பேரொலி’ இசை இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

ஆட்டையாம்பட்டியிலிருந்து விசைத்தறிக்காரன் சென்னிமலை வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உங்கள் இதழ் வந்த நாள்முதல் இவ்விடம் ஒருவரும் நலமில்லை. அவ்விட நலத்தை மரியாதைக்காகக் கேட்டு வைக்கிறேன்.

‘பிணக்கூறு’ என்ற குழுவின் ‘நிணநீர்க் கணிதம்’ என்ற டெத் மெட்டல் (இடி மாதிரி இரைகிற ஒரு மேற்கத்திய இசையாம்) ஆல்பத்தைப் பற்றி உங்கள் விமர்சகர் எழுதியதைப் படித்தேன். இந்தப் பெயர்களை நான் வைக்கவில்லை, வெளியில் சொல்லவே கூசுகிறது. கிடார் பிரமாதம், குரல் பிரமாதம் என்று எழுதிக்கொண்டே வந்தவர் கடைசியில், “இந்த மேளத்தை மனிதர் யாரும் அடிக்கவில்லை, மனிதக் காலுக்கு இந்த வேகம் வராது, கணினியில் செய்து ஒட்டியிருக்கிறார்கள், இது மோசடி” என்று முடித்திருக்கிறார். ஐயா, அதை அடித்தது என் மருமகள் நர்மதா. அதற்கு நான் சாட்சி. விரும்பி ஆன சாட்சி இல்லை. மிஷினாக இருந்திருந்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டு நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றிருப்பேன்.

என் மகன் கல்யாணத்தில் அவள் சீரோடு டெம்போவில் கட்டில் வந்தது, பீரோ வந்தது, அவற்றுக்குப் பின்னால் சேலை சுற்றிய பதினோரு உருப்படிகள் வந்து இறங்கின. அண்டா குண்டா என்று நினைத்து என் மனைவி முத்தாயம்மாள் பெருமையாகச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். பிரித்த பிறகுதான் அத்தனையும் மேளமும் தாளமும் என்று தெரிந்தது. வீட்டில் வேண்டாம், தறிக்கூடத்தை ஒட்டிய நூல் அறையில் வைத்துக்கொள், எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று யோசனை சொன்ன மகாபுத்திசாலி நான்தான். கேட்டது. தறிக்காரனுக்குக் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்யும், ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா ஒரு தடவை பெட்டியில் சரியாகப் போய் உட்காராவிட்டாலும் சத்தத்திலேயே தெரிந்துவிடும், உடனே ஓடிப்போய் நிறுத்துவோம், இந்தப் பிள்ளையோ ஏழு அடித்து ஐந்து அடித்துப் பதினொன்றுக்குத் தாவுகிற கணக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அடிக்க அடிக்க, இந்தப் பக்கம் எங்களிடம் தறி ஓட்டும் மாரக்காள் நன்றாக ஓடுகிற தறிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டே வந்தாள். “ஏனுங்க, எந்தத் தறின்னு தெரியலீங்க, ஏதோ ஒண்ணு நொண்டுதுங்க” என்று நாளைக்கு நாற்பது தடவை. பொறுக்காமல் நானே போய், “அம்மணி, கொஞ்சம் நேரா அடிக்கக் கூடாதா சாமி” என்று கேட்டேன். “நேரா அடிச்சா அது இது இல்லீங்க மாமா” என்றாள்.

இப்படிப் பதினோரு மாதம். காலில் மணல் மூட்டை கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள், இறங்குவாள். பதிவு நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுக்குப் பாட்டு வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை நனைத்து உட்காருவாள். நீர் காய்ச்சிக் கொடுத்தது முத்தாயம்மாள், தூக்கிப்போனது நான். எந்த ஊரில் ஐயா கணினிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார்கள்?

ஆல்பம் வெளியான பிறகு நடந்ததையும் கேளுங்கள். புதுச்சத்திரத்தில் என் மைத்துனர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், பெருமை தாங்காத முத்தாயம்மாள் ரேடியோ செட்டுக்காரரிடம் கொடுத்து இதைப் போடச் சொல்லிவிட்டாள். அரை நிமிடத்தில் அவர் நிறுத்தினார். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று வேறொன்றை மாட்டினார். அதுவும் கிழிந்திருந்தது. மூன்றாவதைத் தேடி வண்டிக்குப் போனவரிடம், குழுவில் பாடுகிற கோகுல்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு, “அண்ணா, ஸ்பீக்கர் நல்லாத்தானுங்க இருக்குது. அது என்ற தொண்டைங்க” என்றான். பந்தியில் பாதிப் பேர் பாயசத்துக்கு நிற்கவில்லை. இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்த பிள்ளைதான் நர்மதா.

உங்கள் ஒரு வரிக்கு அவளால் சிரிக்க முடியவில்லை. குச்சிகளைப் பரணில் போட்டுவிட்டாள். கூப்பிட வந்த கோகுல்ராஜிடம், “மிஷினையே கூட்டிக்கிட்டுப் போங்க” என்றாளாம். பன்னிரண்டு நாளாக நூல் அறையில் சத்தமில்லை, மாரக்காள் ஒரு தறியையும் நிறுத்தவில்லை, நான் கேட்ட நிம்மதி கிடைத்துவிட்டது, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஆதாரத்தோடு சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் தறிச் சத்தத்தில் ஊறிய காது இது. ஐந்தாம் பாட்டின் தொடக்கத்தில் ஒரு நிமிடம் அடி மட்டும் தனியாக வரும். கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பதினாறாவது அடியும் ஓர் இழை பிந்தி விழுந்து, பிறகு ஓடி வந்து சேர்ந்துகொள்ளும். அது களைத்துப்போன மனிதக் கால். மிஷின் அப்படித் தவறாது. தவறினால் நான் அதை ஓட விடமாட்டேன். எனவே அடுத்த இதழில் மறுப்பு வெளியிட வேண்டுகிறேன். சந்தேகமிருந்தால் விமர்சகரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்கட்டும், நான் பட்டது அவருக்கும் தெரியட்டும்.

தங்கள் இதழும் விமர்சகரின் காதும் நீடித்து விளங்க முருகன் துணை நிற்பானாக.

இப்படிக்கு,
சென்னிமலை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கடிதத்தை நர்மதாவுக்குப் படித்துக் காட்டினேன். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். ஐந்தாம் பாட்டின் தொடக்கத்தில் வருவது அவள் கால் இல்லையாம், எங்கள் மூன்றாம் தறியாம். எனக்குத் தெரியாமல் மைக் வைத்துப் பதிந்திருக்கிறார்கள். நம்பாமல் போய் நின்று கேட்டேன். பதினாறாவது அடி பிந்தித்தான் விழுகிறது. இத்தனை மாதம் மேளத்தின் மேல் பழி போட்டதில் இந்த நொண்டி எனக்கும் மாரக்காளுக்கும் காதில் பழகிப்போயிருக்கிறது. முன்பக்க எழுத்து நூல் சிக்கு மாதிரி கிடப்பதால் ஆல்பத்தின் அட்டையை நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. இன்று அவள் திருப்பிக் காட்டினாள். பொடி எழுத்தில், ‘மேளம்: நர்மதா. மூன்றாம் தறி: சென்னிமலை’ என்று போட்டிருக்கிறது. ஆகவே ஐயா, ஒரு நிமிடம் மட்டும் மிஷின்தான், அதை ஓட்டியவன் நான். மறுப்பில் இதையும் சேர்த்துப் போடவும், பெயரைப் பெரிய எழுத்தில் போட்டாலும் ஆட்சேபணை இல்லை. தறியைச் சரிசெய்ய ஃபிட்டரைக் கூப்பிடப் போனேன், அடுத்த ஆல்பத்துக்கு வேண்டும், தொடாதீர்கள் என்றுவிட்டாள். குச்சிகள் பரணிலிருந்து இறங்கிவிட்டன. இதை எழுதும்போது மாரக்காள் ஏழாம் தறியை நிறுத்திக்கொண்டிருக்கிறாள்.