புத்தலப்பட்டு ரோட்டு மானும் என் வீட்டுக்காரர் தலைமுடியும்

திருப்பதி இருக்கிற திசையில் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் சபதம் எடுத்தார். சொன்னதோடு விடவில்லை. அன்றைக்கே கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டார். அதிலிருந்து மின்விசிறிக் காற்று அவர் காலுக்கு அடிக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

நாங்கள் இருப்பது சித்தூரில். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் ரயிலேறி, நடந்து, உருண்டு திருப்பதிக்கு வருகிறார்கள். எங்களுக்கு பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் திருப்பதி. ஆனாலும் மூன்று வருஷமாக ஏழுமலையானை நாங்கள் காலண்டரில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் அவர் தலைமுடியால் வந்தது.

அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. மாம்பழ ஜூஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் உச்சந்தலை மைதானமாகிவிட்டது. இவர் தலையில் மட்டும் இன்னும் காடு. சீப்பு மாட்டினால் சீப்புதான் உடையும். காலையில் கண்ணாடி முன்னால் நின்றார் என்றால் நான் சுட்ட தோசை ஆறி, வறண்டு, அப்பளமாகிவிடும். ஸ்கூட்டரின் இரண்டு கண்ணாடியிலும் அவர் தலைதான் தெரியும். பின்னால் வருகிற லாரியை நான்தான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். முடி அமுங்கிவிடும் என்று ஹெல்மெட்டை என் மடியில் வைத்துவிட்டு, தூசுக்கு ஒரு மெல்லிய துண்டை மட்டும் தலையில் சுற்றிக்கொள்வார்.

மூன்று வருஷம் முன்னால் அவருக்கு டெங்கு வந்தது. ரத்தத்தில் என்னவோ இறங்குகிறது என்றார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குப் புரிந்தது ‘இறங்குகிறது’ என்பது மட்டும்தான். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று, “ஏழுமலையானே, இவரைக் காப்பாத்திக் குடு, இவர் முடியை உனக்குக் கொண்டாந்து குடுக்கறேன்” என்று வேண்டிக்கொண்டேன். மறுநாளே இறங்கினது ஏறியது. அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். இட்லியோடு விஷயத்தையும் சொன்னேன். இட்லியைக் கீழே வைத்தார்.

“யாரைக் கேட்டு வேண்டிக்கினே?”

“யாரைக் கேக்கறது? நீங்க கண்ணே தொறக்கல.”

“வேண்டினவங்கதான் செலுத்தணும். உன் தலையிலே முடி இல்லையா?”

“நான் சாமிகிட்டே சொன்னது உங்க முடிங்க. மாத்திக் குடுத்தா ஏமாத்தறது ஆவாதா?”

“அடுத்தவன் தோட்டத்துத் தேங்காயைச் சாமிக்கு உடைக்கறேன்னு நீ வேண்டிக்கினா, மரத்துக்காரன் ஏன் பறிச்சுக் குடுக்கணும்?”

ஃபேக்டரியில் யூனியன்காரர்களோடு பேசிப் பழகிய வாய்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டமும் தானாக வரவில்லை. மிக்ஸி எரிந்தது. அவர் முடி. மாடியில் ஒழுகியது. அவர் முடி. எங்கள் பெண் நந்திதாவுக்கு வந்த வரன், பேச்சு முடிகிற நேரத்தில் கையைவிட்டுப் போனது. அதுவும் அவர் முடிதான். ராத்திரியில் அவர் குறட்டை விட்டுத் தூங்கும்போது, அந்த முடியைப் பார்த்துக்கொண்டே நான் விழித்திருப்பேன். அடுத்தது நந்திதாவுக்கு என்ன வருமோ என்று கணக்குப் போடுவேன்.

இப்படி இருக்கையில், ஃபேக்டரி வாட்ச்மேன் வீராசாமி புத்தலப்பட்டில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டார்.

“அது திருப்பதி ரோடாச்சே” என்றார் இவர்.

“புத்தலப்பட்டு வரைக்கும்தானே.”

“துன்னு முடிச்சதும் திரும்பிடணும். அவ்ளோ தூரம் வந்துட்டோம், இவ்ளோ தூரம்தானேன்னு ஆரம்பிக்கக் கூடாது.”

போனோம். சாப்பிட்டோம். வடை கெட்டி. திரும்பி வரும்போது ஊரைத் தாண்டி, கரட்டுக் குன்று ரோட்டை ஒட்டி வருகிற இடத்தில் அவர் பிரேக் போட்டார். நான் அவர் முதுகில் போய் இடித்தேன்.

புளியமரத்தடியில் ஒரு புள்ளிமான் சாய்ந்து கிடந்தது. ஏதோ வண்டி இடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. முன்னங்கால் முட்டியில் தோல் உரிந்து ரத்தம். கண் திறந்திருந்தது. வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

“ஐயோ பாவம்” என்று இறங்கினார்.

“கிட்டே போவாதீங்க. மானைத் தொட்டா கேசு. ஜாமீன்கூடக் குடுக்க மாட்டாங்களாம்.”

“தொட மாட்டேன். பாத்துக்கினு நிப்பேன்.”

“பாத்தாலும் கேசு போடுவாங்களோ என்னமோ.”

“அப்போ நாய் வந்து துன்னுட்டுப் போவட்டுமா? நாய் மேல கேசு போடுவியா?”

சொல்லும்போதே இரண்டு நாய்கள் வந்துவிட்டன. இவர் தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றி, “தூ, போ” என்று விரட்டினார். லாரி போன தூசெல்லாம் அவர் முடியில் படிந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அப்படிப்பட்ட மனசு அவருக்கு. டிவியில் யாராவது அழுதாலே எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவார்.

நான் நூறுக்கு ஃபோன் போட்டேன். அவர்கள் ஃபாரஸ்ட் ஆபீஸ் நம்பர் கொடுத்தார்கள். ஃபாரஸ்ட்காரர்கள் ஒரு டாக்டரம்மாவை வீடியோவில் பிடித்துக் கொடுத்தார்கள். நான் ஃபோனை நீட்டி மானைத் தலையிலிருந்து வால் வரை காட்டினேன். நடுவில் இவர் தலையும் தெரிந்தது. பேச்சு விட்டு விட்டு வந்ததால் கொஞ்சம் தள்ளி, மேட்டின் மேல் ஏறி நின்றேன்.

“ஏம் காதம்மா” என்றார் டாக்டரம்மா தெலுங்கில். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். “எலும்பு உடைஞ்ச மாதிரி தெரியலை. நாலு காலும் கோணாம ஒழுங்கா இருக்கு. அடிபட்ட அதிர்ச்சி, அவ்வளவுதான். கிட்டே போகாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, சத்தம் போடாதீங்க. கொஞ்ச நேரத்திலே தானே எழுந்து போயிடும். எதுக்கும் எங்க ஃபாரஸ்ட் கார்டு பாலையா வந்து பாத்துடுவார்.”

எனக்கு உயிர் வந்தது. இதை அவரிடம் சொல்லத்தான் ஓடினேன். சத்தியமாக.

அவர் பத்தடி தள்ளிக் குந்தியிருந்தார். கண்ணில் தண்ணீர்.

“இன்னா மருந்து சொன்னாங்க?”

“மருந்து ஒண்ணும் சொல்லல.”

அது உண்மை. மீதியைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

“மருந்தே இல்லையா? கைவிட்டுட்டாங்களா?” என்று எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, திருப்பதி இருக்கிற பக்கம் திரும்பினார்.

மூன்று வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. திறந்த என் வாய் தானாக மூடிக்கொண்டது. இதில் பொய் எதுவும் இல்லையே என்று மனசுக்குள் இரண்டு முறை சரி பார்த்தேன். இல்லை.

“வேண்டிக்கோ யமுனா” என்றார். “உனக்குத்தான் இதெல்லாம் பழக்கம்.”

“நான் வேண்டினாத்தான் செல்லாதே. மரத்துக்காரர்தான் பறிச்சுக் குடுக்கணும்னு சொல்லிட்டீங்களே.”

“அந்தப் பேச்சை இப்போ எடுக்கணுமா?”

“மானைப் பாத்தது நீங்க. வண்டியை நிறுத்தினது நீங்க. நீங்களே வேண்டிக்குங்க. மெதுவா. சத்தம் போடக் கூடாதாம்.”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஏழுமலையானே, இந்த ஜீவன் பொழைச்சா பதினோரு தேங்கா உடைக்கறேன்.”

மான் காதை அசைத்தது. என் கவலையெல்லாம் இப்போது ஒன்றே ஒன்றுதான். இந்த மான் தேங்காய்க்கே எழுந்து போய்விடக் கூடாது.

“பதினொண்ணு போதுங்களா?” என்றேன்.

“நூத்தியெட்டு.”

மான் பெருமூச்சு விட்டது.

“மலையேறி நடந்தே வர்றேன். செருப்பு இல்லாம.”

மான் தலையைத் தூக்கியது. “பயமா இருக்குங்க” என்றேன். அதுவும் உண்மை.

“இன்னும் இன்னாதான் குடுக்கறது?”

“எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு எது ரொம்பப் பிரியமோ அது.”

அவர் கை மீசைக்குப் போனது. “மீசை.”

“பெருமாளுக்கு மீசை எதுக்குங்க?”

மான் பழையபடி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியது. பாவம், களைப்பு. இவருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. மெல்லத் தலைக்குக் கையைக் கொண்டுபோனார். முன் சுருளை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் பிள்ளையை வழியனுப்புகிற தகப்பன் முகம் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

“முடி” என்றார். குரல் உடைந்தது. பிறகு, சத்தம் போடக் கூடாது என்பதையே மறந்து, அந்தக் கரடு அதிரும்படி கத்தினார். “மொட்டை. முழு மொட்டை போடறேன், எழுந்திரு தாயீ.”

அந்தச் சத்தத்துக்குச் செத்ததே எழுந்துவிடும். மான் துள்ளி நின்றது. ஒரு தடவை உடம்பை உதறியது. எங்களை, முக்கியமாக அவர் தலையை, ஒரு பார்வை பார்த்தது. முள்வேலியை ஒரே தாண்டாகத் தாண்டி மறைந்தது.

“கோவிந்தா” என்று பின்னால் ஒரு குரல். ஃபாரஸ்ட் ஜீப் வந்து நின்றிருந்தது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் பாலையா.

“அது வந்து, நான் சும்மா ஒரு பேச்சுக்கு” என்று ஆரம்பித்தார் இவர்.

“சும்மாவா? நான் காதாலே கேட்டேன் சார். கண்ணாலே பார்த்தேன்.” பாலையா குளம்புத் தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “நாலு காலும் ஒழுங்கா ஊணிப் போயிருக்குது. இந்த மாதிரி வேண்டுதலைத் தள்ளிப் போடக் கூடாது. நான் திருப்பதிக்குத்தான் திரும்பிப் போறேன். ஏறுங்க ரெண்டு பேரும்.”

காக்கிச் சட்டை சொன்னால் இவருக்கு மறுத்துப் பேச வராது. வண்டியை வீராசாமி வீட்டில் விட்டோம். வீராசாமி விஷயம் கேட்டு மிச்சமிருந்த வடையைக் கட்டிக் கொடுத்தார். ஏறினோம்.

பாதி வழியில் பாலையா, “டாக்டரம்மா சொன்ன மாதிரியே எழுந்துட்டிச்சு பாருங்க” என்றார்.

இவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். “டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?”

“எழுந்து போயிடும்னு சொன்னாங்க.”

“என்கிட்டே ஏன் சொல்லல?”

“நீங்க மருந்து இன்னான்னுதானே கேட்டீங்க.”

“ஜீப்பை நிறுத்துங்க” என்றார்.

பாலையா நிறுத்தவில்லை. “டாக்டரம்மா எழுந்துடும்னு மட்டும்தான் சொன்னாங்க சார். எப்போ எழுந்துச்சு? நீங்க மொட்டைன்னு சொன்ன அதே நொடி. அதுக்கு யார் காரணம்னு நீங்களே யோசிங்க.”

இவர் யோசித்தார். சந்திரகிரி வரை யோசித்தார். அதற்குப் பிறகு ஊர் வந்துவிட்டது.

தேங்காய்க்கும் நடைக்கும் மான் எழவில்லை, அதனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மலை மேலே, மொட்டை போடுகிற கல்யாணகட்டாவில் நாவிதர் அவர் தலையை நனைத்துவிட்டு, விரலை உள்ளே விட்டு அளந்தார். “இந்த வயசிலே இப்படி ஒரு முடியா சார்? கத்தி ரெண்டு பிளேடு கேக்கும்” என்றார். அதைக் கேட்டதும்தான் என் வீட்டுக்காரர் அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர் காற்று, ஜலதோஷம் பிடிக்குமே என்று எனக்குக் கவலை.

எல்லாம் முடிந்து எழுந்தார். உரித்த நுங்கு மாதிரி தலை. பின்பக்கம் ஒரு பெரிய மச்சம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அது இருப்பது எனக்குத் தெரியாது. சந்தனம் பூசிவிட்டேன். கொஞ்சம் அழகாகத்தான் இருந்தார்.

குளித்து, சாமி பார்த்து, லட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தோம். நந்திதாவுக்காகவும் வேண்டிக்கொண்டு வந்தேன். வாயால் மட்டும், எதையும் தருகிறேன் என்று சொல்லாமல். காற்று அவர் தலையில் நேராக அடித்தது. அவர் முகம் தெளிந்திருந்தது.

“போனது போவட்டும்” என்றார். “ஒண்ணு நல்லதாச்சு. உன் வேண்டுதலும் இதோட தீர்ந்துது. இனிமேலாவது நிம்மதியாத் தூங்கு.”

ஜீப்பில் ஏறியதிலிருந்து நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது இதைப் பற்றித்தான். ஏழுமலையானை ஏமாற்ற எனக்கு மனசு வருமா?

“அது எப்படிங்க? இது மானுக்காகக் குடுத்தது. டெங்குவுக்குக் குடுக்க வேண்டியது இனிமேதான் வளரணும்.”