உடும்பு வச்சிரவேலு செய்த தப்ப முடியாத பெட்டி

ஒரு காட்டில், ரேஷன் கடை வரும்வரை, விலங்குகள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துத் தின்று நிம்மதியாக வாழ்ந்து வந்தன. பிறகு சிங்கத்துக்கு நாகரிகம் வந்தது. வேட்டைக்குத் தடை போட்டது. தனக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டது. மற்றவர்களுக்குப் புளியமரத்தடிக் கடையில் மாதம் ஒரு படி கரையான். கருவியில் நகத்தை வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் கரையான், சிவப்பு எரிந்தால் அடுத்த மாதம்.

உடும்பு வச்சிரவேலு வைத்தால் சிவப்புதான் எரிந்தது.

"நகம் தேஞ்சிருச்சு சார். ரேகை விழல," என்றது கடைக்காரக் கீரி.

"தேயாம என்ன செய்யும்? எத்தனை கோட்டைச் சுவர் ஏறின நகம் தெரியுமா இது? என் பிடியைப் பத்தி ஊரே பேசும்யா!"

"மெஷின் பேசலையே. அடுத்த ஆள் வாங்க."

வரிசையில் பின்னால் நின்ற முள்ளம்பன்றி கொட்டாவி விட்டது. கோட்டைக் கதையை அது மாதாமாதம் கேட்டு வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தில்லைநாயகி தன் விரலை நீட்டிக் காட்டினாள். நகம் ஊசி மாதிரி இருந்தது. "நான் வேணா போய் வெச்சுப் பாக்கட்டுங்களா?"

"குடும்பத் தலைவன்னு நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதா? நாலு பேர் என்ன நினைப்பான்?"

"நாலு பேரும் சாப்பிட்டுட்டு நினைக்கிறான். நாம பட்டினியா நினைச்சுக்கிட்டு இருக்கோம்."

வச்சிரவேலுவுக்கு இது காதில் விழவில்லை. மனைவி சொல்வதில் பாதி அவருக்கு விழாது. எந்தப் பாதி என்பதை அவரே தீர்மானிப்பார்.

இந்த நிலையில்தான் ஓணான் பிச்சாண்டி வந்து சேர்ந்தான். செல்போனில் வீடியோ பார்த்தே எல்லாத் துறையிலும் நிபுணன் ஆனவன்.

"அண்ணே, வரிசையில நின்னு ஏன் அசிங்கப்படறீங்க? வீட்டுலயே கரப்பான் வளருங்க. பறக்காத ஜாதி ஒண்ணு இருக்கு, வழுவழுப்பான சுவர்ல ஏறவும் தெரியாது. ஒரு சிரட்டை நிறைய நான் தர்றேன். ஒண்ணே ஒண்ணு, முதல் ஆறு மாசம் கை வைக்கக் கூடாது. பெருகட்டும். அப்புறம் தின்னு மாளாது."

தில்லைநாயகி கேட்டுக்கொண்டே வந்தாள். "கரப்பானா? என் வளைக்குள்ளயா?"

"தப்பிக்கவே முடியாத பெட்டியா செஞ்சுடறேன் தில்லை."

"செய்ங்க. ஆனா ஒரு கண்டிஷன். ஒண்ணு வெளியே வந்தாலும், நீங்க வெளியே."

அவள் சொன்னதைச் செய்பவள். போன மழைக்காலத்தில், குறட்டை விட்ட குற்றத்துக்காக அவரை வேப்பமரத்தில் தூங்க வைத்தவள். வச்சிரவேலு வேப்பமரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். இந்த வயதில் மரத்தில் தூங்கி, சறுக்கி விழுந்து, நாலு பேர் பார்த்து…

அதனால் அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தார்.

வனத்துறை பங்களாவில் கழித்துப் போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை இழுத்து வந்தார். ஆடு படுக்கலாம், அவ்வளவு பெரிசு. மூடிக்கு இரண்டு பக்கமும் கிளிப். காற்று போக மூடியில் சதுரமாக வெட்டினார். கொசுவலை ஒட்டினால் கரப்பான் கடித்துவிடும் என்பதால் கம்பிவலை வைத்து, ஓரமெல்லாம் பசை தடவினார். உள்ளே முட்டை அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தினார். அட்டை சுவரில் சாய்ந்தால் அதுவே ஏணி ஆகிவிடும். ஆகவே சுவரைத் தொடாமல் நடுவில் வைத்தார். விளிம்புக்குக் கீழே, உள்பக்கம் சுற்றிலும், ஒரு சாண் அகலத்துக்கு, கால் வழுக்கும்படி, வாசலின் களிம்பைத் தடவினார். அது தில்லைநாயகி பித்தவெடிப்புக்கு வைத்திருந்த டப்பா. சூட்டுக்காக அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, பூசணித் தோலும் கேரட்டும் போட்டு, கரப்பான்களைக் கொட்டி மூடினார்.

மூடியும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்று ஏறிவிட்டால்?

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இந்தக் காட்டில் ஏறுவதற்கென்றே பிறந்தவன் யார்? வச்சிரவேலு. அவனாலேயே ஏற முடியாத சுவரில் கரப்பானால் ஏற முடியுமா? முடியாது. ஆகவே பெட்டியைச் சோதிக்க வச்சிரவேலுவே உள்ளே இறங்க வேண்டும். ரேஷன் கருவியில் நகரேகை விழாத கவலை அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

தில்லைநாயகி அக்கா வீட்டுக்குப் போயிருந்த மத்தியானம் பார்த்து உள்ளே இறங்கினார்.

"பிச்சாண்டி, மூடியைப் போட்டு கிளிப்பை மாட்டு. கொஞ்ச நேரத்துல நான் வெளியே வரலைன்னா நீயே தொறந்துடணும். புரிஞ்சுதா?"

பிச்சாண்டி தலையாட்டினான். ஓணான் எதற்கும் தலையாட்டும் என்பது வச்சிரவேலுவுக்குத் தோன்றவில்லை. பிச்சாண்டி ஒரு கிளிப்பை மாட்டினான். அதற்குள் செல்போனில் புது வீடியோ வந்துவிட்டது. போய்விட்டான்.

வச்சிரவேலு சுவரில் கால் வைத்தார். சறுக்கியது. ஓடி வந்து தாவினார். வாசலினில் முகம் பட்டு, வழவழவென்று கீழே வந்து சேர்ந்தார். சோதனை வெற்றி.

"பிச்சாண்டி! தொற!"

அட்டைக்குள்ளிருந்து மீசைகள் நீண்டன. நிறைமாதக் கரப்பான் அஞ்சலை வெளியே வந்து நின்றாள்.

"வாங்க ஓனரே. நேர்ல வந்தது நல்லதாப் போச்சு. நாலு நாளா அதே பூசணித் தோலு. கேக்க ஆளில்ல."

"நான் உன்னைச் சாப்பிடறதுக்கு வளக்கறேன். ஞாபகம் இருக்கட்டும்."

"ஆறு மாசம் கை வைக்க மாட்டீங்களாமே. ஓணான் சொன்னதைக் கேட்டுட்டுத்தானே குடி வந்தோம். அதுவரைக்கும் வாடகைக்காரங்கதான். கேரட்டை நறுக்கிப் போடச் சொல்லுங்க."

பேசிப் பயனில்லை. வச்சிரவேலு அட்டைகளை எல்லாம் உருவி, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மேலே ஏறி, வாலை ஊன்றி நிமிர்ந்தார். கை விளிம்புக்கு எட்டியது! கிளிப் மாட்டாத பக்கம் தலையால் முட்டினார். மூடி மேலே எழும்பியது. வெளிக்காற்று மூக்கில் பட்டது.

அப்போது வாலில் என்னவோ ஊர்ந்தது. பிறகு முதுகில்.

"தள்ளாதீங்க, வரிசையா வாங்க," என்றாள் அஞ்சலை கீழேயிருந்து. "பிள்ளைங்களை முன்னாடி விடுங்க. ஓனரு முதுகு சொரசொரன்னு ஏற சுகமா இருக்கு."

தப்பிக்க முடியாத பெட்டிக்கு அவரே ஏணியாக நின்றுகொண்டிருந்தார். இன்னும் ஒரு எக்கு எக்கினால் அவர் வெளியே. அவருக்கு முன்னால் பத்துக் கரப்பான் வெளியே. அதற்குப் பின்னால் தில்லைநாயகி. அதற்குப் பின்னால் வேப்பமரம்.

கழுத்தைத் தாண்டி ஒரு குட்டிக் கரப்பான் நெற்றியில் கால் வைத்தது.

வச்சிரவேலு கையை விட்டார். ஊரே பேசும் உடும்புப்பிடியைத் தன் இஷ்டத்துக்கு விட்டது அதுதான் முதல் தடவை. மூடி மேலே பொத்தென்று விழுந்தது. அட்டை, அஞ்சலை, பிள்ளைகள் எல்லாரோடும் அவர் கீழே விழுந்தார்.

சாயங்காலம் தில்லைநாயகி வந்தாள். மூடியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தாள்.

"என் வாசலின் டப்பா எங்கேன்னு தேடறேன், நீங்க இதுக்குள்ள என்ன பண்றீங்க?"

"சோதனை," என்றார், மூக்கெல்லாம் பளபளக்க. "ஒண்ணுகூட வெளியே வரல தில்லை!"

"ஒண்ணுகூட?"

"சத்தியமா! நானே வர முடியலைன்னா பாத்துக்கயேன்."

தில்லைநாயகி வளையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். கரப்பான் இல்லை. கோட்டைக் கதை இல்லை. குறட்டையும் இருக்காது.

"நல்ல பெட்டிதாங்க," என்றாள். மூடியைப் போட்டாள். இரண்டாவது கிளிப்பும் டக்கென்று விழுந்தது. "நாளைக்கு ரேஷன். போயிட்டு வந்து பாக்கறேன்."

மறுநாள் அவள் நகத்தை வைத்ததும் பச்சை எரிந்தது. குடும்பத்துக்கு ஒரு படி. சாப்பிட ஒரு வாய். தில்லைநாயகிக்குக் கன்னத்தில் சதை பிடித்தது.

வச்சிரவேலுவும் மெலியவில்லை. சூடு இருந்தது, பூசணித் தோல் தவறாமல் விழுந்தது, அவர் கேட்டுக்கொண்டபடி கேரட் நறுக்கியே வந்தது. அஞ்சலையின் பேரப்பிள்ளைகள் அவர் முதுகில் தூங்கினார்கள். கோட்டைக் கதையைச் சொன்னால் எழுந்து போக அவர்களுக்கும் வழி இல்லை.

ஆறு மாதம் முடிந்த வாரம், வீட்டு ஆள் சரிபார்ப்புக்குக் கீரி வந்தது. அடுப்போரம் பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம் கேட்டது.

"என்னம்மா உள்ளே?"

"வளக்கறோங்க."

கீரி மூடிக்கு மேல் எம்பிக் கம்பிவலை வழியே பார்த்தது. உள்ளிருந்து கொழுகொழுவென்று ஒரு முகம் நம்பிக்கையோடு மேலே பார்த்தது.

"செல்லத்துக்கா, தீனிக்கா?"

வச்சிரவேலு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மனைவி சொல்வது முழுசாக அவர் காதில் விழுந்தது.

"இன்னும் முடிவு பண்ணலீங்க."

நீதி: எந்த வேலையையும் கொஞ்சம் அரைகுறையாகவே செய்து வையுங்கள். திருத்தமாகச் செய்த பெட்டியிலிருந்து இதுவரை யாரும் வெளியே வந்து பாராட்டு வாங்கியதில்லை.